எம்-சாண்ட் கான்கிரீட் இறங்க மாட்டேன் என்கிறது: குடத்தைத் தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

பாலக்கோடு பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் கேட்டதன் சாரம் இது. பில்லர் கான்கிரீட் போட்ட அன்று "பொங்கல் மாதிரி நிக்குது சார், எறங்க மாட்டேங்குது" என்று சொல்லி மேஸ்திரி மிக்ஸரில் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக விடச் சொன்னார். எஞ்சினியர் படித்த மைத்துனர் கூடவே கூடாது என்றார். கல்லை உடைத்துச் செய்கிற மணலான எம்-சாண்ட்தான் இதற்கெல்லாம் காரணம் என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். சித்திரை வெயிலில் ரூஃப் போடப் போகிறோம், எப்படியாவது ஆற்று மணல் வாங்கிவிடலாமா என்பது கேள்வி. எனக்குப் படுவது, உண்மையில் அவர் கேட்பது மணலைப் பற்றி அல்ல. கலவை கைக்கு இணங்கவும் வேண்டும், பலமும் குறையக் கூடாது. தண்ணீரைத் தவிர வேறு எதைத் தொட்டால் அது நடக்கும் என்பதுதான் கேள்வி.

நான் கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி வட்டாரத்தில் பல வருடங்களாகக் கட்டட வேலை பார்க்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கலவை முரண்டு பிடிக்கிறது என்று மேஸ்திரி சொன்னது பொய்யாக இருக்காது. தண்ணீர் விடக் கூடாது என்று மைத்துனர் சொன்னதும் சரி. ஆனால் மேஸ்திரியின் புகாரை வாங்கிக்கொண்டு, அதற்கு என்ன மாற்று என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் வழக்கம்போல குடம் ஜெயித்தது.

தண்ணீர் கணக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சிமெண்ட் இறுகுவதற்குத் தன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் தண்ணீர் போதும். 50 கிலோ பைக்கு 20 லிட்டர். அதற்கு மேல் நாம் விடுவதெல்லாம் கலவை நகர்வதற்காகத்தான். அந்த உபரித் தண்ணீர் பின்னால் காய்ந்து போகும்போது, இருந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறது. தண்ணீருக்கும் சிமெண்ட்டுக்கும் உள்ள விகிதம்தான் பலத்தைத் தீர்மானிக்கிறது என்று சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் 1918-ல் எழுதியது இன்றுவரை நிற்கிறது. விகிதம் 0.5-லிருந்து 0.7-க்குப் போனால் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456, சாதாரணச் சூழலில் இருக்கும் கம்பி கான்கிரீட்டுக்கு 0.55-ஐ உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. பைக்கு இருபத்தேழரை லிட்டர். அதே நூலில் எடை போட்டுக் கலக்காமல் வாய்ப்பாட்டில் கலக்கும் எம் 20 தரக் கான்கிரீட்டுக்குப் பைக்கு 30 லிட்டர் வரை என்று ஒரு அட்டவணை இருக்கிறது. வீட்டுக்காரருக்கு நான் சொல்வது 27 என்ற எண்ணை மட்டும்தான். 30 என்று சொன்னால் சைட்டில் 35 ஆகிவிடும்.

இப்போது அந்தக் குடத்துக்கு வாருங்கள். பிளாஸ்டிக் குடம் 12 முதல் 15 லிட்டர் பிடிக்கும். ஒரு பை போடும் மிக்ஸரில் 27-உடன் 12 சேர்ந்தால் 39 லிட்டர்; விகிதம் 0.78. எம் 20 என்று நினைத்துப் போட்ட பில்லர் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. கலவை விகிதம் போடுவதற்கான ஐ.எஸ். 10262-ன்படி, 20 மி.மீ. உடைகல் ஜல்லியில் 50 மி.மீ. ஸ்லம்ப் கிடைக்க ஒரு கன மீட்டருக்கு 186 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஸ்லம்ப் ஒவ்வொரு 25 மி.மீ. கூடுவதற்கும் தண்ணீர் 3 சதவீதம் கூட வேண்டும். (ஸ்லம்ப் என்பது ஓர் அடி உயரத் தகரக் கூம்பில் கலவையைக் குத்தி நிரப்பி, கூம்பை மேலே தூக்கியதும் கலவை எவ்வளவு உட்காருகிறது என்ற அளவு.) 50-லிருந்து 100 மி.மீ.-க்கு, அதாவது விறைப்பான கலவையிலிருந்து ரூஃபுக்குத் தோதான கலவைக்கு வர 6 சதவீதம், கன மீட்டருக்கு 11 லிட்டர். ஒரு கன மீட்டர் எம் 20-ல் சுமார் 8 பை சிமெண்ட் இருக்கும். ஆக, பைக்கு ஒன்றரை லிட்டர்கூட வரவில்லை. ஒன்றரை லிட்டரில் சரியாக வேண்டிய கலவை ஒரு குடம் கேட்கிறது என்றால், குறை தண்ணீரில் இல்லை. மணலில், ஜல்லியில், அல்லது அவற்றை அளந்த விதத்தில் இருக்கிறது.

அளந்த விதம் என்று சொன்னதை விரித்துச் சொல்ல வேண்டும், பெரும்பாலான சைட்டுகளில் சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு பைக்கு 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) என்று போட்டால் மணல் ஏறக்குறைய 85 கிலோ வரும். இரவு மழை பெய்து மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தால், மணலுக்குள்ளேயே 4 லிட்டர் தண்ணீர் வந்துவிடுகிறது. அதே மணல் மூன்று நாள் வெயிலில் காய்ந்து கிடந்தால், நாம் விடும் தண்ணீரில் 2 லிட்டரை அதுவே குடித்துவிடும். ஒரே வாளிக் கணக்கில் விட்டாலும் திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் 6 லிட்டர் வித்தியாசம். மேஸ்திரி வாளிக் கணக்கை நம்பாமல் கண்ணை நம்புவதற்கு நியாயமான காரணம் இது. அடுத்தது, ஈர மணல் உப்பும். பாண்டில் அள்ளினாலும் பெட்டியில் அளந்தாலும் பார்வைக்கு நிறைந்திருக்கும், உள்ளே மணல் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கலாம். மணல் குறைந்தால் ஜல்லி மிகுந்து கலவை முரடாகிவிடும். அப்போது தண்ணீர் விட்டால் ஜல்லிக்கு நடுவே சிமெண்ட் பால் மட்டும் வடியும், கலவை இணங்காது. ரூஃப் அன்று காலையில் மணல் குவியலின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். பிடித்த உருவம் அப்படியே நின்று உள்ளங்கையும் நனைந்தால் ஈரம் அதிகம். வாளியில் மூன்று, நான்கு லிட்டர் குறைத்துத் தொடங்குங்கள், மணலைப் பெட்டிக்குக் கொஞ்சம் கும்பாரமாக அளக்கச் சொல்லுங்கள்.

சரி, எம்-சாண்ட்டுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. ஆற்று மணல் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. எம்-சாண்ட் உடைத்த கல், முனை முனையாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் கொக்கி போட்டு நிற்கும். நம் மாவட்டங்களில் பாறைக்கோ கிரஷருக்கோ பஞ்சமில்லை, ஆனால் எல்லா கிரஷரிலிருந்தும் ஒரே மணல் வருவதில்லை. நல்ல எம்-சாண்ட் என்பது கல்லை உடைத்த பிறகு, கல்லோடு கல் மோதி முனை மழுங்கும்படி வி.எஸ்.ஐ. இயந்திரத்தில் விட்டு, சலித்து, தூசியைக் கழுவி எடுத்தது. அந்த இயந்திரத்தில் விடாமலே, ஜல்லி உடைக்கும்போது மிஞ்சியதை அப்படியே எம்-சாண்ட் விலைக்கு ஏற்றி அனுப்புகிறவர்களும் உண்டு; அது கிரஷர் டஸ்ட். தட்டையும் நீளமுமான துணுக்குகளும் மாவு போன்ற தூசியும் அதில் அதிகம். மாவுத் தூசி தண்ணீரைக் குடிக்கும், துணுக்குகள் உருளாது. அதைக் கொட்டிவிட்டு மேஸ்திரியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சில ஆலைகளில் அளவுக்கு மீறிக் கழுவி நுண்பொடி முழுவதையும் வெளியே விட்டுவிடுகிறார்கள். பார்க்க மணல் பளிச்சென்று சுத்தமாக இருக்கும். ஆனால் ஜல்லிக்கும் பெருமணலுக்கும் இடையிலுள்ள இடுக்கை நிரப்ப ஆள் இல்லாததால் கலவை பிரியும், மேலே தண்ணீர் கக்கும். உடைகல் மணலில் 150 மைக்ரானுக்குக் கீழான பொடி 20 சதவீதம் வரை இருக்கலாம் என்று மணல், ஜல்லிக்கான ஐ.எஸ். 383 அனுமதிப்பது சும்மா இல்லை. அளவான கல்பொடி கலவைக்கு உதவி செய்கிறது. கெடுதல் செய்வது களிமண். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். கல்பொடி சீக்கிரம் தெளிந்து சாம்பல் நிறத்தில் படியும். மறுநாளும் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியே இருந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்பலாம். பாட்டில் சோதனை ஒரு முதல் வடிகட்டல்தான், சல்லடைச் சோதனைக்கு ஈடாகாது. பொதுப்பணித் துறையின் மதிப்பீட்டுச் சான்று இருக்கிறதா என்று ஆலையில் கேட்டு, சல்லடை அறிக்கையின் நகலையும் வாங்குங்கள். கேட்கிற வாடிக்கையாளருக்கு வருகிற லோடு வேறு மாதிரி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜல்லியின் உருவமும் இதே அளவுக்கு முக்கியம், ஆனால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன 186 லிட்டர் உடைகல்லுக்கு. ஆற்றில் உருண்ட கூழாங்கல்லாக இருந்தால் 20 லிட்டர் குறைவாகவே போதும் என்று அதே ஐ.எஸ். 10262 சொல்கிறது. உருவத்துக்கு அவ்வளவு வலிமை. உடைகல்லிலும் கனசதுரமாக உடைந்தது வேறு, ஓடு போல் தகடாக உடைந்தது வேறு. அதோடு முக்கால் இஞ்ச் ஜல்லியை மட்டுமே போடாமல், மொத்த ஜல்லியில் 40 சதவீதம் வரை அரை இஞ்ச் கலந்தால் கலவை நன்றாகக் கூடும். ஒன்பது அங்குல பில்லரில், குறிப்பாகப் பீமும் பில்லரும் சந்திக்கிற இடத்தில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே விரல் நுழைய இடமிருக்காது. அங்கே இறங்காததற்கு விறைப்பு காரணமில்லை, ஜல்லி பெரிது. அந்த இடத்துக்கு மட்டும் அரை இஞ்ச் ஜல்லி கலவை போடுங்கள். உங்கள் பில்லர் கதையில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் கம்பி கட்டியதைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

மணல் போதுமா, ஜல்லி அதிகமா என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டியதில்லை, கரணை போதும். முதல் மிக்ஸரைத் தகரத்தில் கொட்டியதும் கரணையின் வயிற்றால் குவியலை இரண்டு மூன்று முறை அழுத்தி இழுங்கள். ஜல்லியின் முகம் மறைந்து, மேலே பசை மூடி, மெல்லிய மினுமினுப்பு வந்தால் மணல் அளவு சரி. எத்தனை முறை தேய்த்தாலும் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு, கரணைக்கு அடியில் கரகரவென்று சத்தம் வந்தால் மணல் போதவில்லை. அடுத்த மிக்ஸரில் ஒரு பாண்டு ஜல்லியைக் குறைத்து அதற்குப் பதில் மணல் போடுங்கள். அடியில் ஜல்லியே தட்டுப்படாமல் கரணை வெண்ணெயில் போவது போலப் போனால் மணல் மிகுதி. அது கைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் தண்ணீரையும் சிமெண்ட்டையும் அதிகம் தின்னும், பின்னால் வெடிப்பும் விடும். ஸ்லம்ப் கூம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. கூம்பைத் தூக்கியதும் கலவை நேராக உட்காராமல் ஒரு பக்கம் அறுந்து சரிந்தால் அதுவும் முரட்டுக் கலவையின் அடையாளம்தான். வைப்ரேட்டர் வைத்துப் போடும் வீட்டு ரூஃபுக்கு 75 முதல் 100 மி.மீ. போதும்.

சித்திரை மாதம் என்றீர்களே, அதுதான் எனக்கு மணலைவிடப் பெரிய கவலை. கலவை சூடாக இருந்தால் சீக்கிரம் விறைக்கும். காலை ஏழு மணிக்கு வழுக்கிக்கொண்டு போன அதே கலவை பதினொரு மணிக்குப் பாண்டில் ஒட்டிக்கொள்ளும். ஓசூரில் அந்த மாதத்திலும் கொஞ்சம் தாங்கும், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் தாங்காது. கான்கிரீட்டைச் சூடாக்குவதில் பலர் மறந்துபோவது மொட்டை வெயிலில் நிற்கும் கறுப்பு டேங்க். எடைக்கு எடை ஜல்லியைப் போல நாலைந்து மடங்கு சூட்டைத் தண்ணீர் சுமக்கும். டேங்கில் காய்ந்த தண்ணீரை விடாமல் போர்வெல்லிலிருந்து நேராகப் பிடியுங்கள். ஜல்லிக் குவியல் மேல் முந்தின சாயங்காலமும் விடியற்காலையும் தண்ணீர் தெளித்து, வடிய விட்டு, சாக்கு போட்டு மூடுங்கள். நனைந்த ஜல்லி மிக்ஸரில் தண்ணீரை உறிஞ்சாது. விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் மிக்ஸர் ஓடட்டும். சென்ட்ரிங் தகட்டையும் (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சு) நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிடுங்கள். டீ குடிக்கப் போகும்போது கொட்டி வைத்துவிட்டுப் போன கலவைக்குத் திரும்பி வந்து தண்ணீர் விட்டு உயிர் கொடுப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஆறிக் கெட்டியானதைத் தண்ணீரால் இளக்கினால் முன்னே சொன்ன விகிதமும் போகும், பிடிப்பும் போகும். ஆட்களுக்கு டீயைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு இன்னும் இளக்கம் வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, தண்ணீரோடு சிமெண்ட்டையும் கூட்டுவது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ சிமெண்ட். விகிதம் மாறாது, பசை கூடும், செலவும் கூடும். மற்றது பிளாஸ்டிசைசர் திரவம். சிமெண்ட் துகள்கள் ஒன்றோடொன்று கட்டியாக ஒட்டிக்கொண்டு நடுவே தண்ணீரைச் சிறைபிடித்து வைத்திருக்கும். இந்தத் திரவம் அவற்றைப் பிரித்துவிட, அந்தத் தண்ணீர் வெளியே வந்து வேலைக்கு உதவுகிறது. சாதாரண வகையில் 5 முதல் 10 சதவீதம் தண்ணீர் குறைக்கலாம், சூப்பர் வகையில் 20 சதவீதமும் அதற்கு மேலும். டப்பாவில் எழுதிய அளவை மீறினால் கலவை பிரியும், இறுகத் தாமதமாகும். அளவு குப்பி வைத்து ஊற்றுங்கள், உலர்ந்த கலவை மேல் ஊற்றாமல் கடைசி வாளித் தண்ணீரில் கலந்து விடுங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரூஃப் ஒழுகாது என்று சொல்லி ஹார்டுவேர் கடையில் விற்கும் வாட்டர்புரூஃப் திரவங்களில் பல, உள்ளே பார்த்தால் பிளாஸ்டிசைசர்தான். தண்ணீரைக் குறைப்பதால்தான் ஒழுகல் குறைகிறது. நம் ஆட்கள் அதையும் ஊற்றி, தண்ணீரையும் பழைய அளவில் விட்டு, ரூஃபைக் குளமாக்கிவிட்டு, திரவம் வேலை செய்யவில்லை என்பார்கள். சிமெண்ட்டிலும் சிறு உதவி கிடைக்கும்: பி.பி.சி. என்கிற, நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட்டில் இருக்கும் சாம்பல் துகள் உருண்டையானது, கலவை வழுக்குவதற்கு அது நல்லது. வெயில் காலத்துக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

போர் தண்ணீர் பற்றியும் ஓரமாகக் கேட்டிருந்தீர்கள். தருமபுரித் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறது, உப்புக் கடினமும் இருக்கிறது. குடிப்பதற்கு அது பெரிய பிரச்சினை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 வரம்பு வைத்திருப்பது குளோரைடு, சல்பேட், கரிமப் பொருள், கலங்கல், அமிலத்தன்மை போன்றவற்றுக்கு. ஃப்ளோரைடு அந்தப் பட்டியலில் இல்லை. கம்பி கான்கிரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வாயில் வைத்தால் நன்றாகவே உப்புக் கரிக்கும் போராக இருந்தால் மட்டும் ஒரு பாட்டில் சோதனைக்குக் கொடுங்கள். கலவை முரண்டு பிடித்ததற்கு இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

மைத்துனர் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் பலம் கூடும் என்பது, கலவை இடுக்கில்லாமல் கெட்டிப்பட்டால் மட்டுமே உண்மை. விறைத்த கலவையைக் கம்பியால் நாலு குத்துக் குத்திவிட்டு விட்டால், பலகையைப் பிரித்ததும் பில்லர் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் தெரியும். உள்ளே 5 சதவீதம் காற்றுப் பை தங்கினால் பலம் 30 சதவீதம் குறையும்; இது குடம் தண்ணீர் செய்கிற கெடுதலுக்குச் சளைத்ததல்ல. 40 மி.மீ. நீடில் வைப்ரேட்டர் இல்லாமல் நீங்கள் ரூஃபோ பில்லரோ போட வேண்டாம். நீடிலைச் செங்குத்தாக விட்டு, குமிழ் வருவது நின்றதும் மெதுவாக எடுக்க வேண்டும். கலவையைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போவதற்கு அதைப் பயன்படுத்தினால் பால் ஒரு பக்கமும் ஜல்லி ஒரு பக்கமும் போகும். பில்லரில் ஐந்தடி உயரத்துக்கு மேலிருந்து கொட்டினாலும் இதே கதைதான். இன்னொன்று, பலகை இடுக்கில் பால் ஒழுகினாலும் தேன்கூடு வரும். அதைப் பார்த்துவிட்டுக் கலவை டைட் என்று அடுத்த பில்லருக்குத் தண்ணீர் கூட்டினால் ஒழுகல் இன்னும் அதிகமாகும்.

ஆக, ஆற்று மணல் தேடி அலைய வேண்டாம். நல்ல ஆலையின் எம்-சாண்ட்டே போதும். போட்டுவிட்ட பில்லர்களைப் பற்றி இங்கிருந்து நான் எதுவும் சொல்ல முடியாது. கூடுதல் தண்ணீர் எத்தனை மிக்ஸரில் போனது என்று உங்களுக்கே தெரியாது. சுத்தியலால் தட்டிப் பார்த்து முடிவு செய்யாமல், ரீபவுண்டு சுத்தியல் (அடித்ததும் எவ்வளவு துள்ளி வருகிறது என்பதை வைத்துப் பலத்தைக் கணிக்கும் கருவி) வைத்திருக்கும் எஞ்சினியர் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் வருகிற பில்லரில் மட்டும் மேற்கொண்டு சோதனை செய்யலாம். அதை ரூஃப் சென்ட்ரிங் ஏற்றுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ரூஃப் அன்று 15 செ.மீ. அச்சில் ஆறு கியூப் (சோதனைக் கட்டி) எடுத்து, மூன்றை 7-ம் நாளும் மூன்றை 28-ம் நாளும் அழுத்திப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே விசாரித்துப் பாருங்கள். கியூப் எடுக்கப் போகிறோம் என்பதை மேஸ்திரிக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றும் கோடு போட்ட சின்ன வாளி ஒன்றும் மிக்ஸர் பக்கத்தில் இருக்கட்டும், குடத்தைக் கீழ் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.